முதல் பத்து நிமிடம்



இந்தப் பாடம் ஒரு விபத்தில் தொடங்குகிறது. படிக்க வருத்தமாக இருக்கும். ஆனாலும் படியுங்கள். நம் கையால் செய்யக்கூடிய ஒரு வேலையைப் பற்றி இது சொல்கிறது.

1. வளைவு ரோட்டில் நடந்தது

நான் கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறேன். மூணாறு மலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். எங்கள் தாத்தா, பாட்டி காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து இங்கே வேலைக்கு வந்தார்கள். நாங்கள் லயத்து வீட்டில் குடியிருக்கிறோம். பகலில் எல்லோரும் கொழுந்து எடுக்கப் போவார்கள். இரவு 7 மணிக்கு எங்கள் எழுத்தறிவு வகுப்பு நடக்கும். நான் அந்த வகுப்பின் தொண்டர்.

ஒரு நாள் மாலை 5 மணி. மழை தூறிக்கொண்டிருந்தது. எங்கள் லயத்துத் தாத்தா ஒருவர் பால் கேனுடன் ரோட்டைக் கடந்தார். வளைவில் வேகமாக ஒரு ஜீப் வந்தது. தாத்தாவை இடித்தது. ஜீப் நிற்கவே இல்லை.

தாத்தா ரோட்டு ஓரம் விழுந்து கிடந்தார். தொடையில் பெரிய வெட்டு. ரத்தம் கொட்டியது. கொஞ்ச நேரத்தில் 20 பேர் கூடிவிட்டோம்.

"தொடாதீங்க! போலீஸ் கேஸ் ஆயிடும்" என்றார் ஒருவர்.

"தண்ணி குடுங்க" என்றார் இன்னொருவர்.

ஒரு அண்ணன் 108-க்கு போன் செய்தார். "எந்த இடம்?" என்று கேட்டார்கள். "பெரிய பாறை வளைவு" என்றார் அண்ணன். அது நாங்கள் வைத்த பெயர். போனில் பேசியவருக்கு அது எப்படித் தெரியும்? விளக்கிச் சொல்வதற்குள் பல நிமிடம் போய்விட்டது. பத்து அடி தூரத்தில் ஒரு கிலோமீட்டர் கல் இருந்தது. அதில் ஊர்ப் பெயரும் எண்ணும் இருந்தன. யாரும் அதைப் பார்க்கவில்லை.

ஆம்புலன்ஸ் மலை ஏறி வர 40 நிமிடம் ஆனது. தாத்தா ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே இறந்துவிட்டார்.

"ரத்தம் நிறையப் போயிருக்கு. காயத்துல ஒரு துணிய வச்சு அழுத்திப் பிடிச்சிருந்தா, பிழைக்க வாய்ப்பு இருந்திருக்கும்" என்றார் டாக்டர்.

அந்த 20 பேரில் நானும் ஒருவன். பள்ளிப் படிப்பை முடித்தவன். என் தோளில் ஒரு துண்டு இருந்தது. அந்தத் துண்டோடு நான் சும்மா நின்றேன்.

2. கரும்பலகையில் நான்கு காரணம்

துக்கம் முடிந்த மறுநாள் வகுப்பு கூடியது. யாருக்கும் புத்தகத்தைத் திறக்க மனம் இல்லை.

"நாம ஏன் அவரைத் தொடல?" என்று கேட்டேன்.

முதலில் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு அக்கா சொன்னார். "எனக்குப் பயம், தம்பி. கோர்ட்டு கோர்ட்டா அலைய விட்டுருவாங்கன்னு சொல்றாங்களே."

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா, பணத்த நம்மகிட்ட கேப்பாங்க. நாளைக் கூலிக்கு நான் எங்க போவேன்?" என்றார் ஒரு அண்ணன்.

"என்ன செய்யணும்னு எனக்குத் தெரியல. செஞ்சது தப்பாப் போயிட்டா?" என்றார் ஒரு தங்கச்சி.

"ஆம்புலன்ஸ் வரும், அவங்க பாத்துக்குவாங்கன்னு நினைச்சேன்" என்றார் ஒரு பாட்டி.

நான்கையும் கரும்பலகையில் எழுதினேன்.

போலீஸ் பயம்.
பணப் பயம்.
தெரியாது.
வேறு யாராவது வருவார்கள்.

எல்லோரும் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். "இந்த நாலுக்கும் பதில் தேடுவோம். அதுதான் இனி நம்ம பாடம்" என்று முடிவு செய்தோம்.

3. சட்டம் நம் பக்கம் இருக்கிறது

முதல் இரண்டு பயத்துக்கும் சட்டத்தில் பதில் இருந்தது. நாங்கள் இதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துத் தெரிந்துகொண்டோம்.

நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்தில் 1,68,491 பேர் இறந்தார்கள். ஒரு நாளைக்கு 460 பேருக்கு மேல். பக்கத்தில் இருந்தவர்கள் பயந்து நின்றதால் போன உயிர்களும் இதில் உண்டு.

1989-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. உயிருக்குப் போராடுகிறவருக்கு உடனே சிகிச்சை தருவது எல்லா டாக்டருக்கும் கடமை. அரசு டாக்டரானாலும் சரி, தனியார் டாக்டரானாலும் சரி. "போலீஸ் வரட்டும், பிறகு பார்க்கலாம்" என்று சொல்லக் கூடாது.

2016-ஆம் ஆண்டு மார்ச் 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்புத் தந்தது. சாலை விபத்தில் உதவுகிறவர்களைப் பாதுகாக்க மத்திய அரசு விதிகள் செய்திருந்தது. அந்த விதிகளை நாடு முழுவதும் கடைப்பிடிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது.

2019-ஆம் ஆண்டில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அதற்கான விதிகள் 2020-ஆம் ஆண்டில் வந்தன. அவை சொல்வது இதுதான்:

• நல்ல எண்ணத்தோடு, கூலி எதிர்பார்க்காமல் உதவினால் நம் மேல் வழக்குப் போட முடியாது. நாம் உதவியும் அவர் இறந்துவிட்டால், அதற்காக நம்மைத் தண்டிக்க முடியாது.

• பெயரையும் விலாசத்தையும் சொல்லும்படி போலீஸ் நம்மைக் கட்டாயப்படுத்தக் கூடாது.

• சாட்சி சொல்வது நம் விருப்பம். கட்டாயம் இல்லை.

• மதம், சாதி, ஆண், பெண் என்று பார்க்காமல் நம்மை மரியாதையாக நடத்த வேண்டும்.

• இந்த உரிமைகளை ஆஸ்பத்திரி வாசலில் எழுதி வைக்க வேண்டும்.

பணத்துக்கும் பதில் உண்டு. காயம்பட்டவரைக் கொண்டு வந்து சேர்த்தவரிடம் ஆஸ்பத்திரி பணம் கேட்கக் கூடாது. அவரைப் பிடித்து வைக்கவும் கூடாது. 2025-ஆம் ஆண்டு மே மாதம் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. மோட்டார் வாகனத்தால் விபத்துக்கு ஆளானவருக்கு 7 நாள் வரை, ரூ.1,50,000 வரை, பணம் கட்டாமல் சிகிச்சை கிடைக்கும். திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியாக இருக்க வேண்டும்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். இடித்த வண்டியின் டிரைவர் ஓடக் கூடாது. காயம்பட்டவருக்கு வைத்தியம் கிடைக்கச் செய்வது அவருடைய சட்டப்படியான கடமை.

இதைப் படித்து முடித்ததும் அந்த அக்கா பெருமூச்சு விட்டார். "இது அன்னைக்கே தெரிஞ்சிருந்தா!" என்றார்.

தெரியாமல் இருந்தது அவர் குற்றம் அல்ல. யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

4. முதலில் வருகிறவர் யார்?

"ஆம்புலன்ஸ்தான் இருக்கே, நாம எதுக்கு?" என்று பாட்டி கேட்டார். நியாயமான கேள்வி.

108 ஆம்புலன்ஸ் சேவை 2005-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று ஹைதராபாத்தில் தொடங்கியது. பிறகு பல மாநிலங்களுக்கும் பரவியது. எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் ஆம்புலன்ஸ் ரோட்டில்தான் வர முடியும். மழை, மலை, நெரிசல் எல்லாவற்றையும் தாண்டித்தான் வர வேண்டும். ரத்தம் அதுவரை காத்திருக்காது. மூச்சும் காத்திருக்காது.

எங்கள் மலையில் நடந்ததைச் சொல்கிறேன். 2020-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு. மூணாறுக்குப் பக்கத்தில் பெட்டிமுடியில் மண் சரிந்தது. தூங்கிக்கொண்டிருந்த தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். அந்த இரவில் மின்சாரம் இல்லை. போன் வேலை செய்யவில்லை. ரோடும் பழுதாகியிருந்தது. வெளியே செய்தி போக மறுநாள் காலை ஆகிவிட்டது. அதுவரை அங்கே இருந்தது யார்? பக்கத்து லயத்துச் சனங்கள்தான்.

மறுநாள் ஆகஸ்ட் 7-ஆம் தேதி. கேரளத்தின் இன்னொரு பக்கம், கோழிக்கோட்டுக்கு அருகே கரிப்பூர் விமான நிலையம். துபாயிலிருந்து 190 பேரோடு வந்த விமானம், மழையில் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து உடைந்தது. அது கொரோனா காலம். ஒருவரை ஒருவர் தொடவே எல்லோரும் பயந்த நேரம். ஆனாலும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் ஓடி வந்தார்கள். காயம்பட்டவர்களைத் தூக்கினார்கள். தங்கள் சொந்தக் கார்களில் ஏற்றி ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டு போனார்கள். ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றார்கள். அந்த விபத்தில் 21 பேர் இறந்தார்கள். மற்றவர்கள் பிழைத்தார்கள்.

இரண்டு இடத்திலும் முதலில் வந்தவர்கள் பக்கத்தில் இருந்தவர்கள்.

ஆம்புலன்ஸ் வேண்டும். டாக்டர் வேண்டும். ஆனால் அவர்கள் வரும் வரை உள்ள நேரம் நம் கையில் இருக்கிறது. அந்த நேரத்தில் உதவுகிறவரை 'முதல் உதவியாளர்' என்கிறோம்.

5. சிஸ்டர் சொல்லிக் கொடுத்தது

மூன்றாவது காரணம் "தெரியாது." அதற்குப் படிப்புதான் மருந்து.

எங்கள் பக்கத்து அரசு சுகாதார நிலையத்தின் சிஸ்டரிடம் போய்க் கேட்டோம். நான்கு ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்லிக் கொடுத்தார். 12 பேர் கற்றுக்கொண்டோம். அதில் 8 பேர் பெண்கள்.

"நீங்க டாக்டர் ஆகப் போறதில்ல. நிலைமை மோசமாகாமப் பாத்துக்கறதுதான் உங்க வேலை" என்று சிஸ்டர் முதலிலேயே சொன்னார்.

அவர் சொன்னவற்றில் முக்கியமானவை இவை.

முதலில் உங்களைப் பாருங்கள்

வண்டி வருகிறதா? மின் கம்பி அறுந்து கிடக்கிறதா? தீ இருக்கிறதா? பார்த்த பிறகு கிட்டே போங்கள். மின்சாரம் தாக்கியவரை உடனே தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். ரோட்டில் விபத்து என்றால், வருகிற வண்டிகளை நிறுத்த ஒருவரை நிற்க வையுங்கள்.

உடனே போன் செய்யுங்கள்

108 அல்லது 112. என்ன நடந்தது, எத்தனை பேருக்குக் காயம், எந்த இடம் என்று சொல்லுங்கள். கிலோமீட்டர் கல்லைப் படியுங்கள். கடைப் பலகையைப் படியுங்கள். பள்ளிக்கூடம், கோயில், மாதாகோயில், பள்ளிவாசல் எது பக்கத்தில் இருக்கிறதோ அதைச் சொல்லுங்கள். அவர்கள் சொல்லும் வரை போனை வைக்காதீர்கள்.

ரத்தம் வந்தால் அழுத்துங்கள்

சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வையுங்கள். உள்ளங்கையால் நன்றாக அழுத்துங்கள். நடுநடுவே எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. துணி நனைந்தால் அதன் மேல் இன்னொரு துணி வைத்து அழுத்துங்கள். சுத்தமான துணி இல்லையா? இருக்கிற துணியால் அழுத்துங்கள். கம்பி, கயிறு கொண்டு கட்ட வேண்டாம். காயத்தில் கண்ணாடியோ கத்தியோ குத்தி நின்றால் பிடுங்காதீர்கள். அதைச் சுற்றி அழுத்துங்கள். பிறர் ரத்தம் கையில் படாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள்ளலாம். பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கழுத்தை அசைக்காதீர்கள்

விபத்தில் விழுந்தவருக்குக் கழுத்து எலும்போ முதுகெலும்போ உடைந்திருக்கலாம். கையைக் காலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. உட்கார வைக்கக் கூடாது. தீ, வெள்ளம் போல ஆபத்து இருந்தால் மட்டுமே இடம் மாற்ற வேண்டும். அப்போதும் தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே நேராக இருக்கும்படி பலர் சேர்ந்து தூக்க வேண்டும்.

மயங்கியவருக்குத் தண்ணீர் கொடுக்காதீர்கள்

தண்ணீர் நுரையீரலுக்குள் போய் மூச்சை அடைத்துவிடும். மயங்கியவர் ஒழுங்காக மூச்சு விடுகிறார், அடிபடவும் இல்லை என்றால் ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். வாந்தி வந்தாலும் வெளியே போய்விடும்.

வலிப்பு வந்தால் கையில் சாவி கொடுக்காதீர்கள். இரும்பால் வலிப்பு நிற்காது. வாயில் எதையும் திணிக்காதீர்கள். அழுத்திப் பிடிக்காதீர்கள். பக்கத்தில் உள்ள கல், நாற்காலி ஆகியவற்றை விலக்குங்கள். வலிப்பு நின்றதும் ஒரு பக்கமாகப் படுக்க வையுங்கள். 5 நிமிடத்துக்கு மேல் வலிப்பு நீடித்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

மூச்சு இல்லை என்றால் நெஞ்சை அழுத்துங்கள்

தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லையா? நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். 10 விநாடிக்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். மூச்சு இல்லை, அல்லது எப்போதாவது ஒரு முறை வாயைத் திறந்து திணறுகிறார் என்றால், இதயம் நின்றிருக்கலாம்.

அவரைக் கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். நெஞ்சின் நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வையுங்கள். அதன் மேல் மற்றக் கையை வையுங்கள். முழங்கையை மடக்காமல் அழுத்துங்கள். பெரியவர்களுக்கு நெஞ்சு 5 சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டும். ஒவ்வொரு முறையும் நெஞ்சு மேலே எழும்ப விடுங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. 2 நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாறுங்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தாதீர்கள்.

நாங்கள் தலையணை வைத்துப் பழகினோம். ஒருவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மற்றவர்கள் சத்தமாக எண்ணினார்கள். "எண் கத்துக்கிட்டது இதுக்கும் ஆகுதே" என்று பாட்டி சிரித்தார். பிறகு அவரும் ஒரு முறை அழுத்திப் பார்த்தார்.

பாம்பு கடித்தால் அசையாமல் இருங்கள்

2000 முதல் 2019 வரை நம் நாட்டில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்கு ஏறக்குறைய 58,000 பேர். பெரும்பாலும் கிராமத்து மக்கள்.

கடித்த இடத்தைக் கத்தியால் கீறாதீர்கள். வாயால் உறிஞ்சாதீர்கள். மேலே இறுக்கிக் கட்டாதீர்கள். மந்திரிக்கப் போய் நேரத்தை வீணாக்காதீர்கள். பாம்பை அடிக்கவோ பிடிக்கவோ போகாதீர்கள். கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள். கடிபட்ட கை அல்லது காலை அசையாமல் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். விஷ முறிவு ஊசி அங்கேதான் இருக்கிறது. கடித்த நேரத்தை எழுதி வைத்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

6. எங்கள் குழு

பயிற்சி முடிந்ததும் ஒரு குழு அமைத்தோம். அதற்குப் பெரிய பணம் தேவைப்படவில்லை.

• ஒரு தகரப் பெட்டியில் சுத்தமான பருத்தித் துணி, கட்டுத் துணி, கத்தரிக்கோல், சோப்பு, டார்ச் லைட், ஒரு நோட்டு, பென்சில் வைத்தோம். பெட்டியை வகுப்பறையில் வைத்தோம். சாவி இரண்டு வீட்டில் இருக்கிறது.

• பக்கத்து ஆஸ்பத்திரிகளின் போன் எண்ணை எழுதினோம். எங்கே பாம்புக்கடி ஊசி உண்டு என்று கேட்டுக் குறித்தோம்.

• வண்டி வைத்திருப்பவர்களின் பெயரையும் எண்ணையும் எழுதினோம். இரவில் கூப்பிட்டாலும் வருவேன் என்று மூன்று ஜீப் டிரைவர்கள் சொன்னார்கள்.

• ஒவ்வொரு லயத்தின் சுவரிலும் எண், தோட்டத்தின் பெயர், 108, 112 எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதினோம். எழுதியது எங்கள் வகுப்பு மாணவிகள்தான்.

• மாதம் ஒரு முறை கூடிப் பழகுகிறோம். பழகாவிட்டால் கை மறந்துவிடும்.

உங்கள் ஊரிலும் செய்யலாம். சுகாதார நிலையத்தில் கேளுங்கள். தீயணைப்பு நிலையத்தில் கேளுங்கள். செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் முதல் உதவிப் பயிற்சி தருகின்றன. 2016-ஆம் ஆண்டில் மத்திய அரசு 'ஆப்தா மித்ரா' என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஆபத்துக்கால நண்பன் என்று பொருள். முதலில் 30 மாவட்டங்களில் 6,000 பேருக்குப் பயிற்சி தரத் திட்டமிட்டார்கள். பிறகு 350 மாவட்டங்களில் 1 லட்சம் பேர் என்று விரிவாக்கினார்கள். உங்கள் மாவட்டத்தில் இப்படிப்பட்ட பயிற்சி உண்டா என்று கலெக்டர் ஆபீசில் விசாரியுங்கள்.

7. ஃபீல்டு நம்பர் 14

எட்டு மாதம் கழிந்தது. கவாத்து வெட்டும் காலம். ஒரு அண்ணன் தேயிலைச் செடியைக் கவாத்து செய்துகொண்டிருந்தார். கால் வழுக்கியது. கவாத்துக் கத்தி அவருடைய முன்கையை ஆழமாக வெட்டிவிட்டது.

எல்லோரும் கத்தினார்கள். முன்பு "கோர்ட்டு கோர்ட்டா அலைய விடுவாங்க" என்று பயந்தாரே, அந்த அக்கா பக்கத்தில்தான் இருந்தார். ஓடி வந்தார். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். மடித்தார். காயத்தில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினார்.

"அண்ணே, படுங்க. கையை மேல தூக்கிக்கங்க. நான் பிடிச்சிருக்கேன், பயப்படாதீங்க" என்றார்.

ஒரு தங்கச்சி போனை எடுத்தார். "எந்த இடம்?" என்று கேட்டார்கள். அவர் திரும்பிப் பார்த்தார். வரப்பு ஓரத்தில் ஒரு தகரப் பலகை. பல வருடமாக அங்கே இருந்த பலகைதான். எழுத்துக் கூட்டிப் படித்தார். தோட்டத்தின் பெயரைச் சொன்னார். "ஃபீல்டு நம்பர் 14" என்றார். ஒரு பையன் ரோட்டு முனைக்கு ஓடினான். ஆம்புலன்ஸுக்கு வழி காட்ட நின்றான்.

35 நிமிடம் அக்கா கையை எடுக்கவில்லை. அவருடைய விரல்கள் மரத்துப்போயின. வேறு ஒருவர் மாறிக்கொள்ள வந்தபோதும், துணி நகராமல் பார்த்துத்தான் மாறினார்.

அண்ணன் பிழைத்தார். இரண்டு மாதம் கழித்து வேலைக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் யாரும் அக்காவிடம் பணம் கேட்கவில்லை. போலீஸும் தேடி வரவில்லை. வகுப்புக்கு வந்த அக்கா, தன் நோட்டில் தேதியைப் போட்டு ஒரு வரி எழுதினார். "இன்று நான் பயப்படவில்லை."

உண்மையை மறைக்கக் கூடாது. எல்லா நேரமும் இப்படி முடிவதில்லை. ஒரு இரவு, லயத்தில் ஒரு மாமாவுக்கு நெஞ்சு வலி வந்து விழுந்தார். மூச்சு நின்றுவிட்டது. நாங்கள் மாறி மாறி நெஞ்சை அழுத்தினோம். ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தவில்லை. ஆனாலும் அவர் பிழைக்கவில்லை. அன்று நாங்கள் எல்லோரும் அழுதோம். மறுநாள் அவருடைய மனைவி வந்து எங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். "கடைசி வரைக்கும் விடாமப் பாத்தீங்களே" என்றார்.

வளைவு ரோட்டுத் தாத்தாவின் வீட்டுப் பக்கம் போகும்போது இன்றும் என் தலை குனிகிறது. இப்போதும் என் தோளில் துண்டு இருக்கிறது. அதை எதற்குப் பயன்படுத்துவது என்று இப்போது தெரியும். உங்களுக்கும் தெரிந்துவிட்டது.

வாருங்கள். நம் ஊரில் முதலில் ஓடி வருகிறவர் நாமாக இருப்போம்.

சொல்லும் பொருளும்

முதல் உதவி – டாக்டர் பார்க்கும் முன் செய்யும் உதவி
தொண்டர் – கூலி வாங்காமல் வேலை செய்கிறவர்
கவாத்து – செடியின் கிளைகளை வெட்டிவிடுதல்
விஷ முறிவு ஊசி – பாம்பு விஷத்தைப் போக்கும் மருந்து ஊசி
134-ஏ – உதவுகிறவரைக் காக்கும் சட்டப் பிரிவு

பதில் சொல்லுங்கள்

1. தாத்தாவைச் சுற்றி நின்றவர்கள் அவரை ஏன் தொடவில்லை? நான்கு காரணம் சொல்லுங்கள்.
2. விபத்தில் உதவியவரிடம் போலீஸ் பெயரைக் கேட்டுக் கட்டாயப்படுத்தலாமா?
3. மயங்கியவருக்குத் தண்ணீர் கொடுக்கலாமா? ஏன்?
4. தங்கச்சி இடத்தை எப்படிச் சரியாகச் சொன்னார்?

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்

1. ஆம்புலன்ஸ் வேண்டும் என்றால் ______ அல்லது ______ எண்ணைக் கூப்பிட வேண்டும்.
2. ரத்தம் வந்தால் துணி வைத்து ______ வேண்டும்.
3. பாம்பு கடித்த இடத்தைக் கத்தியால் ______ கூடாது.
4. நெஞ்சை நிமிடத்துக்கு ______ முதல் ______ முறை அழுத்த வேண்டும்.

கூடிப் பேசுங்கள்

நம் ஊரில் ஒருவர் அடிபட்டுக் கிடந்தால் இன்று என்ன நடக்கும்? நம்மைத் தடுப்பது எது?

செய்து பாருங்கள்

உங்கள் வீடு எங்கே இருக்கிறது? வெளியூர்க்காரர் தேடி வரும்படி மூன்று வரியில் எழுதுங்கள். அதன் கீழே பக்கத்து ஆஸ்பத்திரியின் போன் எண்ணை எழுதுங்கள். வண்டி வைத்திருக்கும் இரண்டு பேரின் எண்ணையும் எழுதுங்கள். அந்தத் தாளைக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். வீட்டில் உள்ள எல்லோரையும் அதை ஒரு முறை படிக்கச் சொல்லுங்கள்.